வடுவும் சான்றும்: புதியனவற்றுக்குப் பழமை பூசிய வரலாறு

சென்ற ஆண்டு பெருநாள் விடுமுறையில், என்னிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர் தம் வாப்பாவுடன் கல்முனையில் உள்ள என் இல்லத்துக்கு வந்தார். கட்டார் நாட்டில் மூன்றாண்டுகள் தொழில் புரிந்து மீண்டவர் அவர். அவர் கையில் மின்கிற்றார் ஒன்று இருந்தது. முழங்கை படும் இடத்தில் அதன் நிறப்பூச்சு உரிந்து மரம் வெளித்தெரிந்தது. விளிம்புகள் அடிபட்டிருந்தன, திருகாணிகள் கறுத்திருந்தன, பூச்சின்மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் குறுக்காக ஓடின. தந்தையார் கதிரையில் அமரு முன்னரே வழக்கைத் தொடங்கிவிட்டார். "சேர், இவன ஏமாத்திப் போட்டாங்க. பழசக் குடுத்துப் புதுசுட வெலய எடுத்திருக்காங்க." மகன் தலை குனிந்தவாறே விடை பகர்ந்தார்: "இல்ல சேர், இது புதுசுதான். பழசு மாதிரிச் செஞ்சது. அதுக்குத்தான் கூட வெல."

யான் வரலாறு கற்பிப்பவனாதலின், எது பழையது எது புதியது என்று கூற வல்லேன் என்பது அப்பெரியவரின் நம்பிக்கை. வெளிவாரியாகப் பயின்று பெற்ற என் பட்டத்திலே கிற்றார் பற்றிய வினாத்தாள் எதுவும் இருந்ததில்லை என்பதை அவரிடம் கூற நாணி, சில நாள் தவணை கேட்டேன். அத்தவணையில் யான் தேடி அறிந்தவையே இக்கட்டுரையின் முதற்பொருளாயின.

இளைஞர் கூறியது உண்மை. அவ்விசைக்கருவி ஆலையினின்றும் வெளிப்போந்த பொழுதே அவ்வாறு தேய்ந்த கோலத்துடன் வந்தது. இவ்வாறு புதிய பொருளொன்றுக்குத் திட்டமிட்டுப் பழைய தோற்றம் அளிக்கும் தொழிலை ஈண்டுப் பழமை பூசுதல் என்று குறிப்போம். இது விளையாட்டான பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஆயின், வரலாறு பயில்வோர்க்குத் தேய்வும் வடுவும் அணிகலன்கள் அல்ல, சான்றுகள். படிக்கல்லின் நடுப்பகுதி குழிந்திருத்தல் கண்டு அவ்வழியே பல தலைமுறையினர் நடந்தனர் என்கின்றோம். காசின் முகம் மழுங்கியிருத்தல் கண்டு அது நெடுங்காலம் கைமாறியது என்கின்றோம். எழுத்தறியாதவனும் எழுதிவைத்துச் செல்லும் சாசனம் தேய்வேயாம். அச்சாசனத்தை ஒருவர் பட்டறையில் இருந்துகொண்டு சில நாளில் எழுதிவிட இயலுமாயின், அவரை நாம் கலைஞர் என்பதா, பொய்ச்சான்று புனைபவர் என்பதா?

பழமையின் தோற்றத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதை முறைப்பட ஆராய்ந்தவர் ஒஸ்திரிய நாட்டு அறிஞர் அலோய்ஸ் றீகல் ஆவர். 1903ஆம் ஆண்டில் நினைவுச்சின்னங்களைப் பற்றி வியன்னாவில் அவர் வெளியிட்ட ஆய்வு வரலாற்று மதிப்பு என்றும் பழமை மதிப்பு என்றும் இரண்டினை வேறு பிரித்தது. முன்னையதை உணர்தற்குக் கல்வி வேண்டும். பின்னையதைக் கண்ணுள்ளோர் எவரும் உணர்வர். பாசி படர்ந்த சுவர் யார் கட்டியது என்று அறியாதவனுக்கும் அது பழையது என்பது புலனாகின்றது; அவ்வுணர்வே அவனுக்கு இன்பம் தருகின்றது. இவற்றுக்கு எதிராக நிற்பது புதுமை மதிப்பு. பளபளப்பையும் முழுமையையும் விரும்புவது. றீகல் பேசியது இயற்கை மெல்ல மெல்லச் செய்யும் அழிவைப் பற்றி. அவ்வழிவுக்குப் பணியாளரும் விலைப்பட்டியலும் ஏற்பட்ட கதை அவர் காலத்துக்குப் பிற்பட்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரில், வானொலிப்பெட்டி திருத்தும் தொழிலிலிருந்து வளர்ந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1950ஆம் ஆண்டளவில் திண்மையான மரப்பலகையால் உடல் அமைந்த மின்கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அது 1951 முதல் டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்றது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தோன்றியது. அக்காலத்தில் அவற்றுக்குப் பூசப்பட்டது பெரும்பாலும் நைத்திரோசெலுலோசு மெருகு. 1920களில் மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் உலரும் பூச்சாகப் பெயர் பெற்ற பொருள் அது. ஃபெண்டர் தொழிலகமும் வண்டிகளின் நிறங்களையே தன் கிற்றார்களுக்குத் தெரிந்துகொண்டது. 1956ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு வண்டியின் சிவப்பு, கிற்றாருக்கும் வந்து சேர்ந்தது. மலிவும் விரைவுமே அன்று நோக்கம். ஐம்பது ஆண்டின் பின் இப்பூச்சு எவ்வாறு தேயும் என்று எவரும் எண்ணிப் பூசினாரல்லர்.

ஆயினும் அப்பூச்சின் இயல்பிலேயே பின்வந்த வரலாறு முழுதும் அடங்கியிருந்தது. இம்மெருகு அதன் கரைப்பான் ஆவியாகிப் போவதனால் மட்டுமே உலர்கின்றது. உலர்ந்த பின்னரும் மெல்லிய படலமாகவே நிற்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதற்கு நெகிழ்ச்சி அளித்த சேர்மங்கள் நீங்க, அது சுருங்கி உடையும் தன்மை எய்துகின்றது. வெயிலொளியில் மஞ்சளிக்கின்றது. வெண்மை பாலேட்டின் நிறமாகவும், நீலம் பசுமை கலந்ததாகவும் தோன்றுவது இதனாலேயே. வியர்வையும் உராய்வும் அதனை எளிதில் தேய்த்துவிடுகின்றன. குளிர்ந்த வண்டியினின்றும் கிற்றாரை எடுத்து வெப்பமூட்டிய மண்டபத்துட் புகுத்தினால், மரமும் மெருகும் ஒத்த வேகத்தில் விரிவதில்லை. மெருகு மயிரிழைபோல் வெடிக்கின்றது. ஆதலின் பழைய கிற்றார் ஒன்றின் உடலைப் பார்த்து அதன் வாழ்க்கையைப் படிக்க இயலும். வலது முழங்கை ஊன்றிய இடம், அரைப்பட்டியின் கொளுவி உரசிய முதுகுப்புறம், புகைச்சுருட்டைச் செருகிவைத்ததால் எரிந்த தலைப்பகுதி, இவை யாவும் தனித்தனி வாக்கியங்கள். மேப்பிள் மரத்தாலான கழுத்துப்பலகையில் முதல் மூன்று கட்டங்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அதனை வாசித்தவர் எளிய சுரக்கூட்டுகளோடு அமைந்தவர் என்று கூறலாம். தலையாட்டிப் பொம்மை போல ஆடிய பெரும் புகழாளர் சிலரின் கருவிகளும் இவ்வாறு அவரைக் காட்டிக் கொடுத்திருக்கக் கூடும்.

1965 சனவரியில் லியோ ஃபெண்டர் தம் தொழிலகத்தைச் சீ.பீ.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன் பின் செய்யப்பட்டவை முன்னையவற்றினும் தரம் குறைந்தன என்னும் கருத்து வாசிப்போரிடையே வேரூன்றியது. அக்கருத்து முற்றிலும் நேர்மையானதா என்பது வேறு ஆராய்ச்சி. 1960களின் இறுதியில் தடித்துக் கடினமான பொலியெஸ்தர் பூச்சு வந்தது. அது தேய்வதில்லை, அடிபட்டால் ஓடு போலப் பெயர்கின்றது. இவ்வாறாகத் தேய்ந்த பூச்சு என்பது 1965க்கு முந்தியது என்பதன் அடையாளமாயிற்று. அடையாளம் விலையாயிற்று. 1985இல் சீ.பீ.எஸ். நிறுவனத்திடமிருந்து தொழிலகத்தை மீளப் பெற்றவர்கள் 1987இல் தனிப்பட்டறை ஒன்றை நிறுவிப் பழைய மாதிரிகளை அச்சுப் பிசகாமல் செய்யத் தொடங்கினர். ஆனால் அவை புத்தம் புதியனவாய் மின்னின.

தேய்ந்த கிற்றாருக்கு ஒருவர் கொள்ளும் அன்பு எத்தகையது என்பதை உணர அயர்லாந்தின் றோரி கலஹர் என்பாரின் கருவியை எண்ணிப் பார்த்தல் தகும். 1961இல் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. 1963இல், பதினைந்து வயதுச் சிறுவனாயிருந்தபொழுது, கோர்க் நகரக் கடையொன்றில் ஏறத்தாழ 100 பவுண் விலைக்கு அவர் அதனைத் தவணையில் வாங்கினார். 1995இல் அவர் இறக்கும் வரையும் அதுவே அவர் கையில் இருந்தது. ஒருமுறை களவு போய் மீண்டது. மேடை தோறும் பெருகிய வியர்வையால் அதன் செம்பழுப்புப் பூச்சுப் பெரும்பகுதி போய்விட, வெறும் மரமே எஞ்சியது. 2024ஆம் ஆண்டு இலண்டனில் ஏலத்துக்கு வந்தபொழுது கட்டணங்கள் உட்பட 889,400 பவுணுக்கு அது விலைபோயிற்று. அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு அளித்தற்பொருட்டே அது வாங்கப்பட்டது. அந்தத் தேய்வு முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் கூலி. அதே தேய்வைத் தாங்கிய நகல்களை ஃபெண்டர் பட்டறை செய்து விற்றுவருகின்றது என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

பழமை பூசிய கிற்றார்கள் வணிகச் சரக்காக முதன்முதல் காட்டப்பட்டது 1995 சனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகர் பொருட்காட்சியில் ஆகும். மிசூரி மாநிலத்தவரான வின்ஸ் குனெட்டோ என்பவர் தம் சொந்த ஆர்வத்தால் இக்கலையில் கைதேர்ந்திருந்தார். ஃபெண்டர் தனிப்பட்டறையினர் உடல்களையும் கழுத்துகளையும் அவரிடம் அனுப்ப, அவர் அவற்றுக்கு மெருகிட்டுத் தேய்த்துத் திருப்பி அனுப்பினார். சில ஆண்டுகளின் பின் அப்பணி ஆலைக்குள்ளேயே நிகழலாயிற்று. புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் கீத் றிச்சர்ட்ஸ், தமக்குச் செய்யப்பட்ட கருவிகள் மிகவும் புதியனவாய் இருக்கின்றன என்று குறைப்பட்டமையே இதற்குத் தூண்டுகோல் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. பொருட்காட்சிக்கு வந்தோர் அவற்றை உண்மையான பழம்பொருள் என்றே எண்ணினர் என்றும் கூறுவர். ஒன்று உறுதி: இரவல் பழமைக்கு வாங்குவோர் வரிசையாய் நின்றனர். விரைவில் பழமைக்குத் தரவரிசையும் ஏற்பட்டது. அன்று செய்து அன்றே காலத்தைக் கடந்து வந்தது போன்றது ஒரு வகை. பெட்டியினுள் பல்லாண்டு வைத்திருந்து இலேசாக மங்கியது போன்றது மற்றொன்று. மேடைதோறும் அடிபட்டது போன்றது பிறிதொன்று. அடிபட அடிபட விலை ஏறும் பண்டம் உலகில் வேறு உளதோ, யான் அறியேன். 2009இல் மெக்சிக்கோவில் செய்யப்பட்ட மலிவான தொகுதி ஒன்றும் வந்தது. எம் இளைஞர் வாங்கியது அவ்வழிவந்த ஒன்றே.

தொழிலின் நுணுக்கத்தைச் சற்று விரித்துக் கூறுவேன்; சான்றை ஆராய்வோர் சான்றைப் புனையும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். முதலில் பழைய நைத்திரோ மெருகையே மெல்லியதாக அடிக்கின்றனர். பொலியெஸ்தரின் மேல் இவ்வித்தை பலிப்பதில்லை. மெருகு நன்கு இறுகிய பின் குளிரூட்டியில் வைத்தெடுத்தோ, மிகக் குளிர்ந்த வாயுவைத் தெளித்தோ, மயிர்வெடிப்பை வரவழைக்கின்றனர். பொறுமை குறைந்தோர் சவர அலகினாற் கோடு கீறுவர். அக்கோடுகள் மிகவும் நேராயிருப்பதே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். முழங்கை படுமிடத்தையும் விளிம்பையும் அரத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, மெருகுக்கும் மரத்துக்கும் இடையே உள்ள எல்லை மங்கிக் கரையுமாறு செய்கின்றனர். வெளிப்பட்ட மரம் வெண்மையாய் இருந்தால் வேடம் கலைந்துவிடுமாதலின், மரச்சாயமோ கரிப்பொடியோ தேய்த்து அழுக்கேற்றுகின்றனர். சாவிக்கொத்தை உடலின் மேல் வீசுவாரும் உளர். ஆணிகளையும் உலோகப் பகுதிகளையும் அமிலத்தின் ஆவி படுமாறு மூடிய கலத்துள் வைத்து ஒளியிழக்கச் செய்கின்றனர். வெண்ணிற நெகிழிப் பகுதிகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து மஞ்சளாக்குவது வீட்டிற் செய்வோர் கைக்கொள்ளும் முறை. நம் மலைநாட்டுத் தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு போலும்.

இவற்றுள் மிகக் கடினமானது தேய்ப்பது அன்று. எங்கே நிறுத்துவது என்று அறிவது. தேர்ச்சியற்றவர் எல்லா இடத்தையும் ஒருபடித்தாய்ச் சிதைக்கின்றார். உண்மையான தேய்வுக்கோ காரணம் உண்டு. கை செல்லாத மூலையில் பூச்சு உரிவதில்லை. தேர்ந்தவர் முதலில் ஒரு கற்பனை வாசிப்பாளரை மனத்தில் நிறுத்தி, அவர் எவ்வாறு நின்றார், எங்கே கையூன்றினார், எதில் மோதினார் என்று எண்ணிப் பார்த்துத் தேய்க்கின்றார். அவ்வகையில் அவர் செய்வது ஒருவகை வரலாற்றுப் புதினம். இன்னொன்றையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். புதிய கழுத்தின் பசைபோன்ற மெருகு கையைப் பற்றி நிறுத்தும். தேய்த்து வழுவழுப்பாக்கிய கழுத்தில் கை தங்குதடையின்றிச் செல்லும். விளிம்பு உருண்ட விரற்பலகை முதல் நாளிலிருந்தே கைக்குப் பழகியதாய் இருக்கும். இவை தோற்றம் அல்ல, பயன். தேய்ந்த தோற்றத்தை முற்றும் பகட்டு என்று தள்ளுவோர் இதனை நோக்குவதில்லை.

இத்தொழிலை அமெரிக்க வணிகரின் புதுமை என்று எண்ணிவிடுதல் ஆகாது. 1496ஆம் ஆண்டளவில் இளைஞரான மைக்கலாஞ்சலோ செதுக்கிய உறங்கும் மன்மதன் உருவத்துக்குப் பழமை தோன்றச் செய்து, உரோமானியத் தொல்பொருள் என இடைத்தரகர் ஒருவர் கருதினால் றியாறியோவுக்கு விற்றார். உண்மை வெளிப்பட்டதும் கருதினால் சிலையைத் திருப்பிவிட்டார். சிற்பியையோ உரோமைக்கு அழைத்துக்கொண்டார். இசைக்கருவிகளில் முன்னோடி பாரிசு நகரத்து ழான் பத்தீஸ்து வுய்யோம். 1798 முதல் 1875 வரை வாழ்ந்த அவர், ஸ்ட்ராடிவாரியின் வயலின்களை அவற்றின் தேய்வோடும் நிழலோடும் நகல் செய்தார். ஆனால் பலவற்றின் உட்புறத்தே தம் பெயரையும் தொடரெண்ணையும் எழுதிவைத்தார். இதனைப் பின்னர் நினைவு கூர்வோம். ஒல்லாந்தைச் சேர்ந்த ஹான் வான் மேகரன் அவ்வாறு எழுதிவைத்தாரல்லர். பதினேழாம் நூற்றாண்டின் வெர்மீர் வரைந்ததுபோல ஓவியம் தீட்டி, சாயத்தோடு செயற்கைப் பிசினைச் சேர்த்து, அடுப்பிலிட்டு இறுக்கி, உருளையின்மேல் சுருட்டி வெடிப்புண்டாக்கி, வெடிப்புகளில் மை நிரப்பி, 1937இல் அறிஞர்களை ஏமாற்றினார். நைத்திரோ மெருகின் மயிர்வெடிப்புக்கும் இவ்வெடிப்புக்கும் முறையில் வேறுபாடு சிறிது; அவர் 1947இல் தண்டனை பெற்றார் என்பதே பெரிய வேறுபாடு.

இனி நமக்கு அண்மையில் வருவோம். சோழநாட்டில் செப்புத்திருமேனிகளை மெழுகுவார்ப்பு முறையில் வார்க்கும் தபதியர் மரபு சுவாமிமலையில் இன்றும் உயிரோடு விளங்குகின்றது. வார்த்துச் செதுக்கி மெருகிட்ட திருமேனி பொன்போல் ஒளிரும். கோயில்கள் அதனையே வேண்டுகின்றன. வரவேற்பறையில் வைப்போரோ களிம்பேறிய பழைய தோற்றத்தை விரும்புகின்றனர். அவர்களுக்காக உப்பும் அமிலமும் கலந்த நீர்மங்களைப் பூசி, ஈரமண்ணில் புதைத்தெடுத்துப் பசுமை ஏற்றுகின்றனர். கேட்டு வாங்குவோர்க்குக் கூறி விற்கும் வரையில் இது குற்றமன்று. ஆயின் இயற்கைக் களிம்பு செம்பின் உள்ளிருந்து நூற்றாண்டுகளாக வளர்வது. மேலே பசுமையும் அதனடியிற் செந்நிறப் படலமும் உலோகத்தோடு பின்னிக்கிடக்கும். செயற்கைக் களிம்போ பெரும்பாலும் தோல்போல மேலே ஒட்டி நிற்பது. தக்க நீர்மத்தால் துடைத்தால் கழன்றுவிடும்.

இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தி அன்று என்பதைச் சிவபுரத்து நடராசர் காட்டுகின்றார். கும்பகோணத்தின் அருகே உள்ள சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டு நிலத்தினின்றும் வெளிப்பட்ட செப்புத்திருமேனிகளுள் ஒன்று சோழர்கால நடராசர். அவ்வூர்க் கோயிலிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. 1950களின் நடுப்பகுதியில் செப்பனிடுவதற்கென நடராசர் வெளியே கொடுக்கப்பட்டார். திரும்பி வந்தது வேறொன்று. புதிதாய் வார்த்த நகல் கோயிலிற் புகுந்தது. மூலம் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. ஊரார் நகலுக்கே பூசை செய்தனர். ஏறத்தாழ பத்தாண்டு எவரும் உணர்ந்திலர். பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகளைப் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பின்னரே உண்மை வெளியாயிற்று. மூலத்தை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் செல்வர் நோட்டன் சைமன் ஏறத்தாழ 9 இலட்சம் டொலருக்கு வாங்கியிருந்தார். இந்திய அரசு வழக்குத் தொடர, 1976இல் இணக்கம் ஏற்பட்டு, 1986இல் திருமேனி தாயகம் மீண்டது.

சிவபுரத்தார் ஏமாந்தனர் என்று எள்ளுதல் எளிது. அவர்கள் பார்த்தது களிம்பை அன்று, கடவுளை. நீராட்டிலும் சாந்திலும் மலரிலும் மறைந்திருக்கும் திருமேனியின் மேற்பரப்பை ஆராய்வது வழிபடுவோர் தொழில் அன்று. அந்நம்பிக்கையின் மறைவிலேயே களவு நடந்தது.

பத்தூர் நடராசர் வழக்கில் நிகழ்ந்தது இதன் மறுதலை. 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணினின்றும் எடுக்கப்பட்டு மறைவாக விற்கப்பட்ட அத்திருமேனியை, 1982இல் கனடா நிறுவனமொன்று வாங்கி, பேணுதற்பொருட்டு இலண்டனுக்கு அனுப்பியிருந்தது. அங்கே காவற்றுறையினர் அதனைக் கைப்பற்றினர். அது பத்தூரில் புதைந்து கிடந்ததுதான் என்பதை மெய்ப்பிப்பது எவ்வாறு? அவ்வூரிலே கிடைத்த ஏனைய திருமேனிகளின் மேல் ஒட்டிய மண்ணும், உலோகத்தின் அரிப்பும், கரையான் ஊர்ந்த தடமும் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சார்பாயிற்று. மேன்முறையீட்டிலும் அது நிலைத்து, 1991இல் திருமேனி மீண்டது. பகட்டுக்காகப் பூசும் அழுக்கையும் நீதிமன்றத்திலே பேசிய இவ்வழுக்கையும் ஒரே சொல்லால் அழைக்க என் மனம் ஒப்பவில்லை. கரையானுக்குச் சாட்சிக்கூண்டிலே பொய் சொல்லத் தெரியாது.

திருடர்க்கோ இரு வழியும் தெரியும். புதியதைப் பழையதாக்குவது போலவே, பழையதைப் புதியது என்று காட்டுவதும் வழக்கில் உண்டு. நூறாண்டு கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லத் தடை இருத்தலின், தொன்மையான திருமேனி புதிய கைவினைப்பொருள் என்னும் பத்திரத்தோடு கப்பலேறுவதுண்டு. பழமை பூசிய புதுத் திருமேனிகள் சந்தையில் மலிந்திருப்பது இக்களவுக்கு எவ்வளவு வசதி என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அங்ஙனமாயின் குனெட்டோவையும் வான் மேகரனையும் பிரிப்பது யாது? கைத்திறன் அன்று, கருவியும் அன்று. ஒருவர் தாம் செய்ததைச் சொன்னார், மற்றவர் மறைத்தார். ஃபெண்டர் பட்டறை தன் கருவிகளின் தலைப்பின்புறத்தே தன் முத்திரையைப் பொறித்துச் சான்றிதழும் அளிக்கின்றது. வுய்யோம் வயலினுள் தம் பெயரை எழுதினார். ஆயினும் இந்த விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை என்பதையும் கூறிவிடுகின்றேன். முத்திரை அழியும், சான்றிதழ் தொலையும். முதலில் வாங்கியவர் அறிந்து வாங்கினார். அவர் பேரன் விற்கும்பொழுது யார் அறிவார்? பெயரைச் சுரண்டிவிட்டால், நேர்மையாகச் செய்த நகல் போலியாக மாறுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இவ்விடத்தில் எம் கடற்கரையைப் பற்றிச் சிறிது கூறல் பொருந்தும். கிற்றார் கீழ்க்கரைக்கு முற்றும் அந்நியமானதன்று. மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கவ்றிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினையும் கிற்றாரையும் இசைத்து வந்தனர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் திருமண வீடுகளில் இன்று மின்கிற்றார் ஒலிப்பது அரிதேயாயினும், இளைஞர் கையில் அது உண்டு. எம் ஊரில் இரும்பைப் பழையதாக்க அமிலம் வேண்டியதில்லை. கடலினின்றும் ஓர் அழைப்புத் தூரத்தில் உள்ள வீட்டில் புதிய கிற்றார்க் கம்பி சில கிழமையில் துருவேறும். ஆனால் மெருகின் மயிர்வெடிப்பு எம்மிடம் எளிதில் நிகழாது. அது பனியும் கணப்பும் மாறிமாறி வரும் நாட்டின் எழுத்து. ஆகவே அந்த இளைஞரின் கிற்றார் அவர் காணாத குளிர்காலங்களின் வடுக்களைத் தாங்கியிருந்தது.

மேலும், பழமையின் தோற்றத்தை விரும்பும் வழக்கம் எம் வீடுகளில் இருந்ததில்லை. பித்தளை வட்டாவும் படிக்கமும் குத்துவிளக்கும், முஸ்லிம் வீடாயினும் தமிழர் வீடாயினும், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் முன்னே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்பட்டன. களிம்பு எமக்குச் சோம்பலின் அடையாளம். என் மூத்தம்மாவின் வெற்றிலை வட்டா ஒன்று எம் வீட்டில் உண்டு. அதன் விளிம்பில் புள்ளிப்புள்ளியாக அவர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் துலக்கித் துலக்கி அப்புள்ளிகள் மழுங்கின. துலக்கிய பெண்களின் விரல்கள் ஒரு கையால் அப்பெயரைப் பேணி மறு கையால் அதனை அழித்தன.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பொருளைப் பற்றிப் பேசுவதற்கு அன்று எவருக்கும் நா எழவில்லை. சில நாளின் பின் மணலைக் கிளறியவர்கள் கண்டெடுத்த பாத்திரங்கள் நெளிந்தும் கீறுண்டும் கறுத்தும் இருந்தன. நூறாண்டு புதைந்தவை போன்ற கோலத்தை அவை ஒரு காலையில் அடைந்திருந்தன. எவர் வீட்டது எதுவென்று அறிவதற்குத் தோற்றம் உதவவில்லை. மணப்பெண்ணுக்குப் புதிதாய் வாங்கியதும் பாட்டியாரின் சீதனமும் ஒரே வயதினவாய்த் தோன்றின. பெயர் வெட்டிய பாத்திரங்களே தம் வீட்டாரிடம் திரும்பின. எம் வட்டா திரும்பியது மழுங்காமல் எஞ்சியிருந்த மூன்று எழுத்தினால். பின்னர் அதனை நெளிவெடுக்கக் கொடுத்த இடத்தில், எம்மைக் கேளாமலே பொறியிலிட்டுப் புத்தம் புதிதாய் மெருகேற்றித் தந்தனர். நல்லெண்ணத்தோடு செய்த வேலை. மூன்று எழுத்தில் இப்பொழுது ஒன்றே எஞ்சியிருக்கின்றது.

தவணை முடிந்து அப்பெரியவரும் மகனும் மீண்டும் வந்தபொழுது, தம்பி சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தேன். "அப்ப ஏமாந்தது அவனில்லையா?" என்று வாப்பா கேட்டார், குரலில் ஏமாற்றமே தொனித்தது. கழுத்து உடலோடு பொருந்தும் இடத்துத் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே தம் பெயரையும் வாங்கிய ஆண்டையும் இது ஆலையிலேயே தேய்த்தது என்னும் செய்தியையும் பென்சிலால் எழுதிவைக்குமாறு மகனிடம் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டு சென்றார், எழுதினாரோ அறியேன். அண்மையில் அவரைக் கண்டபொழுது, கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் ஆறு சிறு திருகாணிகளையும் காட்டினார். அவற்றின் மேல் ஆலையில் ஏற்றிய கறுப்பைத் துளைத்துக்கொண்டு செம்மஞ்சள் துரு அரும்பியிருந்தது. அது எம் ஊர்த் துரு. கிற்றார் முழுவதிலும் அந்த ஆறு புள்ளிகளுக்கு மட்டுமே அவர் எண்ணெய் இடவில்லை என்று கூறினார்.